மூன்றோடு நிறுத்தியவர்

"சீட்டு இருக்குங்களா?"

அவரை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை அவருக்கு. டாக்டர் எழுதிய சீட்டு இல்லாமல் ஒரு தலைவலி மாத்திரைகூட அந்த ஜன்னலைத் தாண்டி வெளியே வராது. ஒருநாள் டாக்டரே ஜன்னலில் வந்து நின்று, ஜலதோஷம்மா, ரெண்டு மாத்திரை குடு என்றாராம். "சீட்டு எழுதினு வாங்க சார்" என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார். டாக்டர் போய்த் தன் பெயருக்குத் தானே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வந்து வாங்கிப் போனாராம். இதை அவர் பெருமையாக ஒன்றும் சொல்லவில்லை. வேறு எப்படிச் செய்வது என்கிற மாதிரிதான் சொன்னார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று, அதில் அவர் ஒரு நிர்வாகி. சண்டை போடுகிறவர்களை விலக்கிவிடுவது, கெட்ட வார்த்தை எழுதுகிறவர்களைத் தடை செய்வது, பொய்யைக் கண்டால் அடியில் ஒரு குறிப்பு ஒட்டுவது. பெரிய பதவி மாதிரி இருக்கும். உண்மையில் சந்தைக்கடையில் குப்பை பொறுக்குகிற வேலைதான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பின்னால் வரப்போகிற ஓர் அருவியின் பெயரையும் எழுதமாட்டேன். என்னைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். கள்ளக்குறிச்சியில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் செல்போனை வைத்துக்கொண்டு அந்தக் களஞ்சியத்தில் எதையாவது எழுதுவேன், அங்கேயும் கோபம் வரும்.

அவரோடு எனக்கு ஏற்பட்ட முதல் பழக்கமே சண்டைதான். எங்கள் ஊர் ரிஷிவந்தியம் பக்கம். ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதி, ஏரியை எந்த ராஜா வெட்டினான் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அந்த வரியின் வாலில் 'சான்று தேவை' என்று தொங்குகிறது. நான் அதைப் பிடுங்கிப் போட்டேன். அது திரும்ப வந்தது, கூடவே உரையாடல் பக்கத்தில் ஒரு கடிதமும்.

"ஐயா, வணக்கம். ஏரி பற்றிய தகவல் அருமை. எந்த நூலில் உள்ளது என்று சொன்னால் சேர்த்துவிடலாம்."

எங்கள் ஊர் ஏரிக்கு எவன் நூல் எழுதுவான், வேண்டுமானால் என் பங்காளியைக் கேட்டுக்கொள் என்று நான் பதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் அவர் கேட்டார்: "தங்கள் பங்காளி நூல் எழுதியிருக்கிறாரா?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். ரொம்ப நாள் கழித்து ஆளைப் பார்த்துப் பழகிய பிறகுதான் அது நக்கல் இல்லை என்று புரிந்தது. உண்மையிலேயே எழுதியிருப்பாரோ என்றுதான் கேட்டிருக்கிறார். அவருக்குக் கேள்வி என்றால் கேள்வி மட்டும்தான். அதற்குள் ஊசி வைக்கத் தெரியாது.

நக்கல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன் என்றேனே, ஆண் என்றுதான் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. எங்கள் வட்டாரத்தில் எழுதுகிறவர்கள் ஆறு பேர் ஒருமுறை கள்ளக்குறிச்சியில் கூடினோம். ரிடையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு வருவார் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் குடையும் டிபன் பையுமாக வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே அந்த ஏரி?" என்றார்.

"இத்தினி வருசமா எல்லாரும் ஐயா ஐயான்னு எழுதறோம். நான் ஐயா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மேடம்?"

"கட்டுரைக்கு அது எதுக்குண்ணா?" என்றார். டீ சொன்னேன்.

வசவுகளை அவர் வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்கே சில நாள் அழுகை வரும். ஜாதிப் பக்கங்கள் என்று சில உண்டு. அங்கே எப்போதும் அடிதடிதான். ஒருத்தன் அவரைத் திட்டி நான்கு வரி எழுதினான். மூன்று வரியை வாய்விட்டுப் படிக்க முடியாது. அதற்கு அவர் பதில்: "தங்கள் கருத்துக்கு நன்றி. கடைசி வரியில் சொன்ன கல்வெட்டுக்குச் சான்று இருந்தால் தரவும்." அந்த ஆள் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. வெட்கப்பட்டானோ என்னவோ.

"இவனையெல்லாம் தூக்கி வெளிய போடறத வுட்டுட்டு இன்னா மரியாத வேண்டிக்கெடக்கு?" என்று கேட்டேன்.

"திட்டனத வுடுங்க. கல்வெட்டு இருந்தாலும் இருக்கும் இல்லண்ணா?" என்றார்.

அங்கே ஒரு விதி இருக்கிறது. நீங்கள் எழுதியதை நான் நீக்குகிறேன், நீங்கள் திரும்பப் போடுகிறீர்கள், நான் திரும்ப நீக்குகிறேன் என்று வையுங்கள். முதலில் செய்த மாற்றம் கணக்கில் வராது, அதற்குப் பிறகு ஒரு நாளில் ஒரு பக்கத்தில் இப்படி மூன்று முறைதான் மாற்றலாம். நான்காவது முறை கை வைத்தால், உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும் தடைதான். வெறும் விஷமம் செய்கிறவனை நீக்குவதற்கு மட்டும் இந்த எண்ணிக்கை கிடையாது. இன்னொரு விதி, நீங்களே ஒரு தரப்பாக நிற்கிற சண்டையில் உங்கள் நிர்வாகி அதிகாரத்தை எடுக்கக் கூடாது. வழக்குப் போட்டவனே தீர்ப்பும் சொன்னால் எப்படி? ஆள் கூட்டி வருவதும் குற்றம். சினேகிதனுக்குப் போன் போட்டு, எனக்காக நீ கொஞ்சம் மாற்று என்று சொல்லக் கூடாது. எல்லோரும் இந்த விதிகளைப் பேசுவோம். கொஞ்சம் அப்படி இப்படி வளைத்தும் கொள்வோம். அவர் வளைத்து நான் பார்த்ததில்லை.

அவர் குடும்பம் எலவனாசூர்கோட்டை பக்கத்து ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா விவசாயம். அவர்கள் ஊர் மாதா கோயில் பற்றி ஒரு சின்னப் பக்கம் இருந்தது. அதில் யாரோ, இந்த இடம் ஏமாற்றி வாங்கியது என்று எழுதிவிட்டான். அது பொய் என்று சொல்ல ஒரு பழைய அச்சுப் புத்தகமே சாமியார் வீட்டு அலமாரியில் இருந்தது. இவர் அதைப் புரட்டிப் பக்க எண்ணைக்கூடக் குறித்து வைத்திருந்தார். ஆனால் கட்டுரையில் கை வைக்கவில்லை. உரையாடல் பக்கத்தில், 'இது என் ஊர்க் கோயில், எனவே நான் திருத்துவது முறையாகாது, இந்த நூலைப் பார்த்து வேறு யாராவது திருத்தவும்' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார். ஏழு மாசம். அதற்குள் அந்த வரியைப் படித்துவிட்டு ஊரில் நாலு பேர் சாமியாரிடமே கேட்டு, சாமியார் இவர் அப்பாவைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு அதுலதானே இருக்குது என்று வருத்தப்பட்டாராம்.

"கைல புக்க வச்சினு ஏழு மாசம் எவனாவது வருவான்னு பாத்துக்கினு இருந்தீங்களா?" என்று கத்தினேன்.

"என் கோயிலுக்கு நானே சாட்சி சொன்னா, வேலிக்கு ஓணான் சாட்சின்னு நீங்கதானே சிரிப்பீங்க?"

"நான் சிரிச்சா இன்னா?"

"வந்து திருத்திட்டாங்க இல்ல," என்றார். "லேட்டாச்சு. ஆனா சரியா ஆச்சு."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவர் பூமியையெல்லாம் ஆள வேண்டாம், அந்த ஏழு மாசம் தப்பு என்று மட்டும் யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் கத்தினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அது பெரிய குணமாகத்தான் தெரிந்தது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அவர் என்னையே தடை செய்தார். எங்கள் மாவட்ட எல்லை விஷயமாக ஒருவனோடு சண்டை. அவன் நான்கு முறை மாற்றினான், நான் ஐந்து முறை மாற்றினேன், ஐந்தாவது முறை அவன் அப்பாவையும் இழுத்துவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரு வாரம் தடை. 'தங்கள் பங்களிப்புகளை மதிக்கிறோம்' என்று முடியும் அந்த அறிவிப்பை என் பக்கத்தில் ஒட்டியிருந்தார். ஆறு வருஷப் பழக்கம். என் கடையில் உட்கார்ந்து டீ குடித்த மனுஷி.

மறுநாள் சாயந்திரம் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, அப்பா கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு வேண்டும் என்று நேராக என் கடைக்கே வந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னாண்ணா, மூஞ்சியத் தூக்கி வச்சினு இருக்கீங்க?"

"தட போட்டவங்க கிட்ட பேச்சு இன்னா?"

"தட அங்கண்ணா. அங்க போட்டது அங்க. இங்க நீங்க வால்வு குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஆனால் மனசுக்குள் கருவினேன். உனக்கு ஒரு நாள் வரும், அன்றைக்குத் தெரியும் என்று. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அந்த நாள் மறுநாளே வந்தது. சனிக்கிழமை, ஐப்பசி மாசம். கீழே வெயில். மலையில் இரண்டு நாளாக மழை என்று கச்சிராயபாளையத்திலிருந்து வந்த பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். காலை ஆறரை மணிக்குக் கடையைத் திறந்து, பழக்க தோஷத்தில் செல்போனில் களஞ்சியத்தைத் திறந்தேன். தடை என்பது எழுதுவதற்குத்தான், பார்ப்பதற்கு இல்லை. யார் யார் எதை மாற்றுகிறார்கள் என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் அந்த அருவியின் பக்கம் மேலே வந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'மலையில் மழை பெய்தால் அருவியில் திடீரென வெள்ளம் வரும். மழைக்காலத்தில் இறங்க வேண்டாம்.' அதை எழுதியவர் அவர்தான். சேர்ந்த புதிதில், விதிகள் எல்லாம் தெரிவதற்கு முன்னால், மருந்து வாங்க வருகிற மலை ஜனங்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. சான்று என்று எதுவும் போடவில்லை. புதிதாக ஒரு ஆள் வந்து அந்த வரியை நீக்கிவிட்டு, 'ஆண்டு முழுவதும் பயமின்றிக் குளிக்கலாம்' என்று எழுதியிருந்தான். இவர் பழைய வரியைத் திரும்பப் போட்டார். அவன் நீக்கினான். காரணமும் எழுதினான்: 'இதுக்கு சான்று எங்க சார்? நான் இதே மலைதான். பதினஞ்சு வருசமா ஜீப்ல ஆள் கூட்டினு போறேன். பொய் எழுதி பொழப்ப கெடுக்காதீங்க.'

சான்று எங்கே என்று அவரையே ஒருவன் கேட்டுவிட்டான். நான் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், கடையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாவது முறை போட்டார். அவன் நீக்கினான். மூன்றாவது முறை போட்டார். அவன் நீக்கினான். ஏழு மணி ஆகியிருந்தது. நான்காவது முறை போடுவாரா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போடவில்லை. ஆலமரத்தடி என்று எல்லோரும் கூடிப் பேசுகிற ஒரு பொதுப் பக்கம் உண்டு, அங்கே போய் எழுதினார்:

'இந்த அருவிப் பக்கத்தில் நான் ஒரு தரப்பு. எதிர்த்தரப்பு நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார், என்னிடம் சான்று இல்லை. ஆகவே நான் மேலும் மாற்றவோ அவரைத் தடுக்கவோ கூடாது. வேறு யாராவது பார்த்து விரைவில் முடிவு செய்யக் கோருகிறேன். மழைக்காலம்.'

எழுதிவிட்டு ஏழரை மணி பஸ் பிடித்து வேலைக்குப் போயிருப்பார். மலை ஏறினால் அவருக்கு டவர் கிடைக்காது.

அதை நான் படித்தேன். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. என்னால் மாற்ற முடியாது, தடையில் இருக்கிறேன். ஆனால் என் போனில் நான்கு பேருடைய நம்பர் இருந்தது. ஒருத்தரைக் கூப்பிட்டு அந்த அருவிப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க என்றால் ஒரு நிமிஷ வேலை. நான் கூப்பிடவில்லை. விதி விதி என்று ஆடினாயே, இப்போது அந்த விதியையே கட்டிக்கொண்டு உட்கார் என்று நினைத்தேன். பக்கத்துக் கடையில் வடை போட்டிருந்தார்கள், இரண்டு சொன்னேன்.

மத்தியானம் அருவியில் வெள்ளம் வந்தது. கீழேயிருந்து பைக்கில் போன காலேஜ் பையன்கள் ஐந்து பேர் தண்ணீரில் இருந்தார்கள். நான்கு பேர் பாறையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலைப் பேப்பரில் செய்தி வந்தது. கடையில் நின்றபடியே படித்தேன். செல்லைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பழைய வரி திரும்ப வந்திருந்தது. மலையில் மழை பெய்தால் அருவியில் திடீரென வெள்ளம் வரும். அதன் வாலில் சின்னதாக ஒரு எண். எண்ணைத் தொட்டால் அடியில் போய் நிற்கிறது: பேப்பரின் பெயர், தேதி, பக்கம். மாற்றியவர் அவர்தான். இப்படி எதை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதியிருந்தார்.

'சான்று சேர்க்கப்பட்டது.'

யாரும் அதை நீக்கவில்லை. ஜீப்காரரும் நீக்கவில்லை.

புதன்கிழமை கடைக்கு வந்தார். எதுவும் வாங்க வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"மூணு தடவ பண்ணேண்ணா. நாலாவது பண்ணியிருக்கலாம். என்னையும் தட பண்ணியிருப்பாங்க. அவ்ளோதானே?"

"நீங்க பண்ணது சரிதான் மேடம்," என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "அது வெறும் விஷமம்னு வச்சினு இருந்தா நாலு இன்னா, நாப்பது தடவ நீக்கியிருக்கலாமே. அதுக்குத்தான் எண்ணிக்க கெடையாதே."

"விஷமம் இல்லண்ணா. அவரு உண்மைன்னு நெனச்சிதான் எழுதினாரு." குடையைக் கை மாற்றிப் பிடித்தார். "அந்த அஞ்சாவது பையன அவருதான் ஜீப்புல தூக்கினு வந்தாரு. களஞ்சியத்துல வச்சிருந்த பேருதான் ஜீப்பு கண்ணாடியிலயும் எழுதியிருந்துச்சு. பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல குந்திக்கினு அழுவுறாரு. பதினஞ்சு வருசத்துல இப்பிடி ஆனதில்லக்கா, ஆனதில்லக்கான்னு என்கிட்டயே சொல்றாரு."

"அந்த வரி போட்டது நீங்கதான்னு சொன்னீங்களா?"

"அவருக்கு நான் சார் இல்ல? சொல்லி இன்னாண்ணா? தண்ணி மோந்து குடுத்தேன்."

அப்புறம் அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிழைத்த பையன்களில் ஒருவன் முட்டியில் ரத்தத்தோடு மருந்து ஜன்னலுக்கு வந்து நின்றானாம். சீட்டு இல்லை. கேட்காமல் மாத்திரை கொடுத்திருக்கிறார். அவன் நடுங்கிக்கொண்டே, எப்பவும் குளிக்கலாம்னு செல்லுல போட்டிருந்துச்சுக்கா, அதப் பாத்துட்டுத்தான் எறங்கினோம் என்றானாம்.

"செல்லுல எதுலன்னு கேட்டீங்களா?" என்றேன். என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன். ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கமாக இல்லாமலும் இருக்கலாம்.

"கேக்கல," என்றார்.

எதற்கெடுத்தாலும் யார் சொன்னது, எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர் அதை மட்டும் கேட்கவில்லை.

அந்த வாரமே ஆலமரத்தடியில் தன் மேல் தானே புகார் எழுதினார். நடந்ததை நேரம் போட்டு வரிசையாக எழுதி, என் முடிவு தவறா என்று கேட்டிருந்தார். எல்லோரும் நல்ல மனசோடுதான் பதில் எழுதினார்கள். நீங்கள் விதிப்படி நடந்தீர்கள், உங்கள் மேல் பிழையே இல்லை, இவ்வளவு நிதானம் யாருக்கு வரும் என்றெல்லாம். ஒருவர் அவர் பக்கத்தில் பொறுமைக்கான பதக்கம் என்று ஒரு படத்தையும் கொண்டுவந்து ஒட்டினார். தவறுதான் என்று யாராவது ஒருத்தர் எழுதியிருந்தால் அவர் அங்கே தங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்போது தடை முடிந்திருந்தது. நான் எழுதியிருக்கலாம். பதக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நிர்வாகி பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு அப்புறம் கடலூர் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அவர் அப்பா கடைக்கு வந்தபோது சொன்னார். நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

அன்று காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனை எடுக்கிறேன். சொன்னால் அவர் கோபப்படமாட்டார், அது எனக்கு நிச்சயம். "பாத்துக்கினா இருந்தீங்க? அப்ப ஏண்ணா யாரையும் கூப்புடல?" என்று கேட்பார். பங்காளி நூல் எழுதியிருக்கிறாரா என்று கேட்டாரே, அதே மாதிரி, காரணம் என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். என்னிடம் பதில் இருக்கிறது. வடை தின்றுகொண்டிருந்தேன்.